பழைய ரேடியோவின் நிழல் காயில்

(சங்கத்தின் பொன்விழா ஆண்டு மாதக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டு மாதம் ஒரு தொழில்காரரைப் பேசச் சொல்கிறார்கள். நாணய மாற்றுத் தொழில் செய்பவர் பேசிவிட்டார். நாசி கண்டார் கடைக்காரர் பேசி எல்லோருக்கும் பசியைக் கிளப்பிவிட்டார். இன்று எங்கள் முறை. நாங்கள் ஜார்ஜ் டவுனில் பழைய சாமான் வாங்கி விற்கிறவர்கள். கடையில் நாங்கள் இருவர். பாலிடெக்னிக் டிப்ளோமா வைத்திருப்பவர் உங்கள் முன்னால் நிற்கிறார். வியாபாரம் தெரிந்த மச்சான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஏதாவது மிகைப்படுத்திச் சொன்னால் அங்கிருந்தே இருமுவார்.

பழைய சாமான் என்றால் மேசை, மணிக்கூடு, எனாமல் அடுக்குப் பாத்திரம், தையல் மெஷின் என்று எல்லாம் உண்டு. அவற்றை விட்டுவிட்டு ரேடியோவைப் பற்றி மட்டும் பேசுகிறோம். ரேடியோவிலும் ஒரே ஒரு சாமானைப் பற்றி. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய சாமான். அது எங்களுக்கு நான்கு மாதத் தூக்கத்தைக் கெடுத்தது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நம் பினாங்கில் ரேடியோ ஒலிபரப்பு 1934-லேயே தொடங்கிவிட்டது. பினாங்கு வயர்லெஸ் சொசைட்டி என்ற அமைப்பு இசட்.எச்.ஜே. என்ற அழைப்பு எழுத்துகளோடு ஒலிபரப்பியது. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் அதில் ஒலித்தது. சிங்கப்பூரின் பெரிய நிலையம் 1937-இல்தான் வந்தது. இதைச் சொன்னால் சிங்கப்பூரிலுள்ள நம் சொந்தக்காரர்கள் நம்ப மாட்டார்கள். பிறகு ஜப்பான்காரன் காலம். சிற்றலையில் வெளியூர்ச் செய்தி கேட்டால் தண்டனை என்பதால் ரேடியோவைத் தொடவே பயந்த காலம் அது. 1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா தொடங்கிய பிறகுதான் ரேடியோ மறுபடி நடுவீட்டுக்கு வந்தது. வருடா வருடம் லைசென்ஸ் கட்டி வைத்திருந்த பொருள் அது. அந்த ரசீதை இன்றும் பெட்டியின் முதுகில் ஒட்டியபடி பார்க்கிறோம்.

இப்போது அந்தப் பெட்டிகளெல்லாம் எங்களிடம் வருகின்றன. முன்பு பிந்தால் தாலியில் பரப்பி விற்ற பழைய சாமான் சந்தை லோரோங் கூலிட்டுக்கு மாறியது உங்களுக்குத் தெரியும். காலையில் அங்கே போனால் இன்றும் வால்வு ரேடியோ கிடைக்கும். 2008-இல் யுனெஸ்கோ நம் ஊரை உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்த பிறகு விலை ஏறிவிட்டது. காப்பிக் கடைக்காரர்களும் சின்ன ஹோட்டல்காரர்களும் அலங்காரத்துக்கு வாங்குகிறார்கள். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ப்ளூடூத் ஒலிபெருக்கியை வைத்துத் தரச் சொல்கிறவர்களும் உண்டு. நாங்களும் இரண்டு பெட்டிக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறோம். சந்தோஷமாகச் செய்யவில்லை.

விஷயத்துக்கு வருவோம். பழைய ரேடியோவில் ஒரு ஸ்டேஷனைச் சரியாகப் பிடிப்பது சுலபமில்லை. முள்ளை அங்கேயும் இங்கேயும் திருகி, குரல் எங்கே தெளிகிறது என்று காதால் தேட வேண்டும். சற்றே விலகி நின்றாலும் குரல் கரகரக்கும். இதற்கு உதவியாகத்தான் ட்யூனிங் காட்டி வந்தது. பலர் வீட்டில் பார்த்தது பச்சைக் கண். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1935-இல் 6இ5 என்ற வால்வை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்டேஷன் சரியாக விழுந்தால் அந்தப் பச்சை வெளிச்சம் கண்ணை மூடுவது போல ஒடுங்கும். பிறகு வந்த பிலிப்ஸ், குருண்டிக் பெட்டிகளில் இ.எம்.34, இ.எம்.80, இ.எம்.84 என்று அதே இனத்தின் பிள்ளைகள்.

பச்சைக் கண்ணைப் பற்றி இரண்டே வார்த்தை. கண் விழித்தபடியே மூடாமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது அதன் சாக்கெட்டுக்குள் ஒளிந்திருக்கும் 1 மெகாஓம் ரெசிஸ்டரை. கண் மங்கிப் போயிருந்தால் உள்ளே பூசிய மருந்து தேய்ந்துவிட்டது. வேறு வால்வு போடுவதைத் தவிர வழியில்லை.

நாங்கள் பேச வந்தது அதற்கும் முந்தியது. 1930-களின் முற்பகுதியில் பில்கோ நிறுவனம் தன் உயர்ந்த மாடல்களில் ஷேடோ மீட்டர் என்று ஒன்றை வைத்தது. நிழல் காட்டி என்று சொல்லலாம். ஸ்டேஷன் எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய செல்லுலாயிட் திரை. திரைக்குப் பின்னால் ஒரு சின்ன பல்பு. இரண்டுக்கும் நடுவில், ஒரு காயிலின் காந்தத்தால் அசையும் மெல்லிய இரும்புத் தகடு. தகட்டின் நிழல் திரையில் விழும். ஸ்டேஷன் இல்லாதபோது நிழல் அகலமாக இருக்கும். ஸ்டேஷன் சரியாக விழும்போது நிழல் ஒடுங்கிக் கோடாகும்.

காயிலுக்கு எப்படித் தெரிகிறது? அந்த ரேடியோக்களில் ஒரு தானியங்கி அடக்கம் உண்டு. அலை பலமாக வந்தால் முன்பக்கத்து வால்வுகள் தங்களை அடக்கிக்கொண்டு குறைவாக மின்சாரம் குடிக்கும். பலவீனமாக வந்தால் கூடுதலாகக் குடிக்கும். அந்த வால்வுகளுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் இந்தக் காயில் வழியாகத்தான் போகிறது. எங்கள் மேசையில் இருந்த பெட்டியில் ஸ்டேஷன் இல்லாதபோது 9 மில்லி ஆம்பியர், ஸ்டேஷன் விழுந்தபோது 4. அந்த வித்தியாசம்தான் நிழலை அசைக்கிறது.

இங்கேதான் சிக்கல். வீட்டுக்குத் தண்ணீர் வரும் குழாயில் மீட்டர் வைத்தது போல இந்தக் காயில் இருக்கிறது. மீட்டர் அடைத்துக்கொண்டால் வீட்டுக்கே தண்ணீர் இல்லை. காயில் அறுந்தால் வால்வுகளுக்கு மின்சாரம் போகாது, பெட்டி ஊமையாகிவிடும். பல்பு எரியும், வால்வு சூடாகும், லேசான உறுமல் கேட்கும், ஸ்டேஷன் மட்டும் வராது. இப்படி ஒரு பெட்டி வந்தால் அனுபவமுள்ளவர் முதலில் சந்தேகப்படுவது இந்தக் காயிலைத்தான்.

அது ஏன் அறுகிறது? கம்பி தலைமுடி அளவுதான். எங்களிடம் வந்ததை மைக்ரோமீட்டரில் அளந்தோம், 0.08 மில்லிமீட்டர். அந்தக் கம்பியில் 250 வோல்ட் நிற்கிறது. அதைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டம் பூமியோடு சேர்ந்தது. நடுவில் இருப்பது காகிதம். நம் ஊர்க் காற்றில் கடலும் மழையும் எப்போதும் கலந்திருக்கின்றன. காகிதம் ஈரத்தை இழுக்கும். ஈரம் வந்தால் கம்பியிலிருந்து சட்டத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கசியும். கசியும் இடத்தில் செம்பு கரைந்து பச்சையாகப் பூக்கும். காயிலைப் பிரித்தால் ஒரு குண்டூசித் தலை அளவு பச்சைப் புள்ளி தெரியும். அங்கேதான் அறுந்திருக்கும். மற்ற முந்நூறு மீட்டரும் புதிது போலவே இருக்கும். குளிர் நாட்டுப் பெட்டிகளை விட நம் பெட்டிகளில் இந்தப் பச்சைப் புள்ளி அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

இப்போது எங்கள் தவறு. அவையில் சொல்லத்தான் வேண்டும்.

கடை தொடங்கிய புதிதில் மூன்று பில்கோ பெட்டிகள் எங்கள் கைக்கு வந்தன. மூன்றிலும் காயில் அறுந்திருந்தது. காயிலின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு கம்பியால் இணைத்துவிட்டால் போதும், பெட்டி பாடிவிடும். காயில் தின்னும் மின்னழுத்தம் 250-இல் 10 வோல்ட்டுக்கும் குறைவு. அது போனால் குரலில் ஒரு வித்தியாசமும் தெரியாது. நாங்கள் அப்படித்தான் இணைத்தோம். பல்பையும் எரியவிட்டோம். திரையில் அழகாக ஒரு நிழல் நின்றது. அசையாத நிழல். வாங்கியவர்கள் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ‘முழுவதும் வேலை செய்கிறது’ என்றுதான் சொல்லி விற்றோம். தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை மதரசாவில் படிக்காதவர் இந்த அவையில் யாரும் இல்லை. நாங்களும் படித்தவர்கள்தான். ரேடியோவுக்கும் தானியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது தோன்றியது போலும்.

நான்காவது பெட்டியை விற்பதற்காக யாரும் கொண்டுவரவில்லை. ஒரு மாமி பேரனின் காரில் வைத்துக் கொண்டுவந்தார். எழுபதைத் தாண்டியவர். அவருடைய வாப்பா யுத்தத்துக்கு முன்பே வாங்கிய பில்கோ. நிமிர்ந்து நிற்கும் மரப்பெட்டி, 115 வோல்ட்டுக்கானது, கூடவே ஸ்டெப் டவுன் பெட்டியும் இருந்தது. இருபது வருடமாக யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

நாங்கள் வழக்கம்போல, சத்தம் எப்படி வரும் என்று விளக்க ஆரம்பித்தோம். மாமி கையைக் காட்டி நிறுத்தினார். “தம்பி, சத்தம் வராட்டியும் பரவாயில்ல. அந்த நெழலு ஒடுங்கணும்.”

அவர் ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தபோது வாப்பா சத்தத்தை முழுவதும் குறைத்து வைத்துவிட்டு, நிழலை ஒடுக்கச் சொல்வாராம். காதில் ஒன்றும் விழாது. கண்ணால் மட்டும் பார்த்து முள்ளைத் திருக வேண்டும். நிழல் கோடானதும் “வாப்பா” என்று கூப்பிடுவார். அவர் வந்து சத்தத்தைத் திருப்புவார். தமிழ்ச் செய்தி வரும். வீட்டில் வேறு யாரும் அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது. காண்பி உபகரணத்தின் நோக்கமே இதுதான், காதை விட்டுவிட்டுக் கண்ணால் பிடிப்பது. டிப்ளோமா படித்த எங்களுக்கு அதை ஒரு மாமி விளக்கினார்.

பெட்டியைத் திறந்தோம். காயிலை அளந்தோம். 1,050 ஓம். நன்றாக இருந்தது! அல்ஹம்துலில்லாஹ் என்று அந்த எண்ணை நோட்டில் எழுதினோம். அன்று வெள்ளிக்கிழமைக்கு முந்திய நாள், அஸருக்குக் கடையைப் பூட்ட வேண்டும், அதற்குள் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று மின்சாரத்தைக் கொடுத்தோம். இருபது வருடம் தூங்கிய பெட்டிக்கு நேராக.

காயிலுக்கு அடுத்து ஒரு மெழுகுக் காகிதக் கண்டென்சர் உண்டு. ஒரு முனை காயிலில், மறுமுனை சேஸிஸில். அது உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தது. 9 மில்லி ஆம்பியர் போக வேண்டிய தலைமுடிக் கம்பியில் அதைப்போல் இருபது மடங்குக்கு மேல் பாய்ந்தது. வால்வு சூடாகி மின்சாரம் கிளம்பிய சில நொடிகளில் ஒரு வாடை வந்தது. சாலிடர் வைக்கிற எவருக்கும் தெரிந்த வாடை. ஸ்விட்சை அணைப்பதற்குள் முடிந்துவிட்டது. யுத்தத்தையும் ஈரத்தையும் தாண்டி எண்பது வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்த காயிலை நாங்கள் அரை நிமிடத்தில் கொன்றோம்.

மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மத்த மூணு மாதிரியே செஞ்சிரலாமா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் மனதில் இருந்ததைத்தான் அவர் கேட்டார். ஆனால் இந்த மாமி நிழலைத்தான் பார்ப்பார். இவரை ஏமாற்ற முடியாது என்பதால்தான் முதலில் நல்ல புத்தி வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மறுநாள் ஜும்ஆ முடிந்து மாமி வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அவர் திட்டவில்லை. “உங்களால செய்ய முடியுமா, முடியாதா?” என்று மட்டும் கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டு வந்தோம். அப்போது எங்களுக்குத் தெரியாது.

இனி வேலை. இங்கே இளைஞர்கள் சிலர் நோட்டோடு வந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

சோதனை முதலில். பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து அதை வடியவிட்டு, வடிந்துவிட்டதா என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடுவது வீரமில்லை. பிறகு காயிலின் ஒரு முனையையாவது சாலிடர் எடுத்துப் பிரித்துவிட்டு அளக்க வேண்டும். சில பெட்டிகளில் காயிலுக்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் இருக்கும். பிரிக்காமல் அளந்தால் மீட்டர் அந்த ரெசிஸ்டரைக் காட்டும், காயில் நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவீர்கள். காயிலின் ஓம் மாடலுக்கு மாடல் மாறும், ஆகவே அந்த மாடலின் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஓம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. காயிலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கசிவு இருக்கிறதா என்று இன்சுலேஷன் மீட்டரில் பார்க்க வேண்டும். அங்கே கசிந்தால் பச்சைப் புள்ளி ஏற்கனவே பூக்கத் தொடங்கிவிட்டது. அடுத்தது அசைவு. ஒரு 9 வோல்ட் பேட்டரி, திருகி மாற்றக்கூடிய 5 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, இரண்டையும் காயிலோடு தொடராக இணைத்து மெல்லத் திருகினால் தகடு ஆடுவது தெரியும். காயில் நன்றாக இருந்தும் தகடு அசையவில்லையென்றால் அதன் அச்சில் தூசியோ இரும்புத் துகளோ சிக்கியிருக்கும். சாத்தே குச்சியைக் கூராகச் சீவி எடுத்துவிடலாம். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், அது தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

நாங்கள் செய்யாமல் விட்டது இதற்குப் பிறகு வருகிறது. காயிலுக்கு அப்புறம் சேஸிஸுக்குப் போகும் ஒவ்வொரு காகிதக் கண்டென்சரையும் பிரித்துச் சோதிக்க வேண்டும். சோதிப்பதை விட மாற்றிவிடுவது மேல். முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டுக் கொடுக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், சாமான் பிழைக்கும். அந்தப் பல்பு எங்கள் கடையிலேயே ஒரு பலகையில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

காயில் சுற்றுவது பெரிய கதை. 0.08 மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3.4 ஓம். 1,050 ஓம் வேண்டுமென்றால் 300 மீட்டருக்கு மேல். கொம்தார் உச்சியிலிருந்து தொங்கவிட்டாலும் கீழே கொஞ்சம் சுருண்டு கிடக்கும். அவ்வளவும் தீப்பெட்டி அளவு பாபினில் ஆறாயிரம் சுற்றுக்கு மேல் போக வேண்டும். மோட்டார் காயில் சுற்றும் கடைகளில் கேட்டோம். அவ்வளவு மெல்லிய கம்பியை அவர்கள் வைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து கால் கிலோ ரீல் ஒன்றை வரவழைத்தோம். ஒரு காயிலுக்கு வேண்டியது 14 கிராம்தான், ஆனால் கால் கிலோவுக்குக் குறைந்து தரமாட்டார்களாம்.

சுற்றும் கருவி நாங்களே செய்தது. கையால் சுற்றும் பழைய துளைப்பான் ஒன்று, அதன் அச்சில் ஒரு சின்னக் காந்தம், பக்கத்தில் காந்தம் வந்தால் மூடும் ரீட் ஸ்விட்ச். அதை மலிவான கால்குலேட்டரின் சமன் பொத்தானோடு இணைத்தோம். ஒன்றும் ஒன்றும் என்று அழுத்தி வைத்துவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதுவே ஒன்று கூட்டிக்கொண்டு போகும். டிப்ளோமா படிப்பு பிரயோஜனப்பட்டது இந்த ஒரு இடத்தில்தான் என்று மச்சான் சொல்வார். இதோ, இருமுகிறார்.

முதல் தடவை 2,100-வது சுற்றில் கம்பி அறுந்தது. காரணம் மின்விசிறி. காற்றில் கம்பி ஆடி ஒரு ஓரத்தில் மாட்டிக்கொண்டது. மின்விசிறியை அணைத்தோம். நம் ஊர் வெயிலில், ஐந்தடி நடைக்குள் இருக்கும் கடையில், மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். வியர்வை கம்பியில் படக்கூடாது. அந்த உப்பே நாளைய பச்சைப் புள்ளி. பருத்திக் கையுறை போட்டுக்கொண்டோம். இரண்டாவது தடவை ஆறாயிரத்தையும் தாண்டிச் சுற்றி முடித்து, சந்தோஷத்தில் தேத்தாரே வாங்கிக் குடித்துவிட்டு வந்து, வெளி முனையில் சாலிடர் வைக்கும்போது உள் முனை பாபின் ஓரத்தில் முறிந்தது. வெளி முனை முறிந்தால் ஒரு சுற்றைப் பிரித்து மறுபடி வைக்கலாம். உள் முனை முறிந்தால் அவ்வளவும் வீண். அன்று நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதில் கற்றது இது. தலைமுடிக் கம்பியின் முனையை நேராக வெளியே கொண்டுவரக்கூடாது. தொடங்கும்போதே அதைக் கொஞ்சம் தடித்த மெல்லிழைக் கம்பியோடு சாலிடர் வைத்து, அந்த இணைப்பைக் காகிதத்துக்குள் மடித்து, அதன் மேல் பத்துச் சுற்றுச் சுற்றி இறுக்கிவிட வேண்டும். இழுபடுவது தடித்த கம்பியாக இருக்கட்டும். சாலிடருக்கு ரெசின் மட்டும். அமிலப் பசை வைத்தால் அன்றைக்கு அழகாக ஒட்டும், பிறகு உள்ளிருந்தே தின்னும்.

மூன்றாவது தடவை, ரமலானுக்கு முந்திய வாரம், இரவு இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து சுற்றினோம். இரவில் காற்றும் குளிர்ச்சி, வாடிக்கையாளர் தொல்லையும் இல்லை. ஆயிரம் சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தி ஓம் பார்த்தோம். முடித்தபோது 1,030. வெதுவெதுப்பான அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, மெழுகில் முக்கி எடுத்தோம். சட்டத்தோடு கசிவு இல்லை. பேட்டரியில் தகடு ஆடியது. கண்டென்சர் எல்லாம் புதிது போட்டு, அந்த 40 வாட் பல்பு வழியாக மின்சாரம் கொடுத்தோம். திரைப் பல்பையும் பழைய அளவிலேயே போட்டோம். கூடுதல் வாட் போட்டால் செல்லுலாயிட் திரை சுருண்டுவிடும்.

நோன்பில் மூன்று நாள் கழித்து மாமிக்குச் சொல்லி அனுப்பினோம். மஃரிபுக்குப் பிறகுதான் வரச் சொன்னோம். பகலில் மத்திய அலையில் இப்போது கேட்க ஒன்றுமில்லை. இரவானால் வடக்கேயிருந்து தாய்லாந்து நிலையங்கள் வரும். தராவீஹ் முடிந்து பேரனோடு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு நேரே உட்கார்ந்தார். முதலில் சத்தத்தை முழுவதும் குறைத்தார். நாங்கள் சொல்லவில்லை. பிறகு முள்ளைத் திருகினார். அகலமாக இருந்த நிழல் ஒரு இடத்தில் ஒடுங்கியது, விலகியது, மறுபடி ஒடுங்கியது. கை அங்கேயே நின்றது. உதடு லேசாக அசைந்தது. யாரைக் கூப்பிட்டார் என்று நாங்கள் கேட்கவில்லை. பிறகு சத்தத்தைத் திருப்பினார். தாய் மொழியில் ஒருவர் எதையோ விற்றுக்கொண்டிருந்தார். “இது யாரு?” என்று மாமி சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டு, “முன்ன இன்னும் மெலிசா வரும் தம்பி” என்றார். உண்மைதான். காயில் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பெருநாளுக்கு முன் அதையும் முடித்துக் கொடுத்தோம்.

அதன் பிறகு பழைய மூன்று பெட்டிகளைத் தேடிப் போனோம். ஒன்று ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருந்தது. உரிமையாளர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, நாங்கள் அதைப் போடுவதே இல்லையே என்று சிரித்தார். பெட்டியைத் தர மறுத்துவிட்டார். இரண்டாவதை வாங்கியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் திருப்பித் தந்துவிட்டுப் பணத்தைக் கேட்டார், கொடுத்துவிட்டோம். அந்தப் பெட்டியின் வரைபடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. காயிலில் எத்தனை ஓம் இருந்தது என்று தெரிய வழியில்லை. ஆகவே அறுந்த கம்பியை எல்லாம் துண்டு விடாமல் பிரித்தெடுத்து, பக்கத்து நகைக்கடையின் தராசில் நிறுத்தோம். இந்தக் கம்பியும் 0.08 தான். இதில் 100 மீட்டர் நாலரை கிராம் இருக்கும். தராசு 12 கிராம் காட்டியது. எனாமலுக்குக் கொஞ்சம் கழித்துக் கணக்குப் போட்டால் 870 ஓம் அளவு. அதன்படி சுற்றினோம், நிழல் ஆடுகிறது. நகைக்கடை முதலாளி பழைய செம்புக் கம்பியை நிறுக்க வந்த எங்களை இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

மூன்றாவது பெட்டி கிடைக்கவில்லை. அதை வாங்கியவர் கொடுத்த தொலைபேசி எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்பு எங்களிடம் 450 வெள்ளிக்கு வாங்கினார். ஒரு கல்யாண வீட்டுக்குப் பரிசாகக் கொடுக்கப் போவதாகச் சொன்ன ஞாபகம். நிமிர்ந்த மரப்பெட்டி, இடது பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு நீண்ட கீறல், பின்பலகை இல்லை. பாடும், பல்பு எரியும், திரையில் நிழல் தெரியும், ஆனால் முள்ளை எங்கே திருப்பினாலும் நிழல் அசையாது. உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ அப்படி ஒரு பெட்டி இருந்தால் மின்சாரம் போடாமல் எடுத்து வாருங்கள், அல்லது சொல்லி அனுப்புங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். ரீலில் இன்னும் பத்துப் பன்னிரண்டு காயிலுக்குக் கம்பி இருக்கிறது. காசு வாங்க மாட்டோம். பணத்தைத் திருப்பிக் கேட்டாலும் தருகிறோம்.